வாய்ட் (void) என்ற ஆங்கிலச் சொல்: எங்கே என்ன பொருள், எப்படிப் பயன்படுத்துவது – முழுமையான வழிகாட்டி

புது வேலையில் சேர்ந்தால் சில நாடுகளில் ‘வாய்ட் செக்’ ஒன்று கொடுங்கள் என்பார்கள். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘போஸ்ட் வாய்ட்’ என்று ஒரு வரி இருக்கும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘நல் அண்ட் வாய்ட்’, வாங்கிய சாதனத்தின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் ‘வாரன்டி வாய்ட்’, சி என்ற கணினி மொழியில் முதல் நிரல் எழுத உட்கார்ந்தால் அங்கேயும் வாய்ட். அகராதியைத் திறந்தால் வெற்றிடம், வெறுமை, செல்லாத, ரத்து செய், சிறுநீர் கழி என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மாதிரி ஐந்தாறு பொருள் வரிசையாக நிற்கிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நினைவில் நிற்காது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பொருள்தான், அதைப் பிடித்துவிட்டால் மிச்சம் தானாக வரும். ஒவ்வொரு படியாகப் போகலாம்.

படி 1: மையப் பொருளைப் பிடியுங்கள்

இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, வேர் லத்தீன். வேக்கன்ட், வேக்குவம் எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தம். ஆகவே அடிப்படைப் பொருள் ‘காலி’. வினைச்சொல்லாக வந்தால் ‘காலி செய்’.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, பல வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகின்றன. வாய்ட் என்பது அழிப்பது அல்ல. குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் குடம் போய்விடாது, உள்ளே இருந்ததுதான் போகும். வாய்ட் ஆன ஒப்பந்தத்தின் தாள் மேஜை மேலேயே கிடக்கும், அதற்குள் இருந்த சட்ட வலிமைதான் இல்லை. வாய்ட் செய்த பில்லின் எண் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், தொகை பூஜ்யம். சி மொழியின் வாய்ட் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) வேலையைச் செய்யும், ஆனால் கையில் எதையும் திருப்பித் தராது. ஆக இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூடு எது? உள்ளே இருந்து போனது எது? இதற்குப் பதில் கிடைத்தால் சரியான தமிழ்ச் சொல்லும் கிடைத்துவிடும்.

படி 2: வாக்கியத்தில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பெயர்ச்சொல்லாக வந்தால் வெற்றிடம், வெறுமை. ‘ஹிஸ் டெத் லெஃப்ட் எ வாய்ட்’ என்றால் அவர் மறைவு ஒரு வெற்றிடத்தை உண்டாக்கியது. தமிழிலும் இரங்கல் செய்திகளில் இதையேதான் எழுதுகிறோம், அதனால் இந்தப் பயன்பாடு யாருக்கும் சிரமம் தராது. இதோடு அடிக்கடி வரும் வினைகள் இரண்டு: லீவ் எ வாய்ட், ஃபில் த வாய்ட். முதலாவது வெற்றிடத்தை விட்டுச் செல்வது, இரண்டாவது அதை நிரப்புவது.

பெயரடையாக வந்தால் பெரும்பாலும் ‘செல்லாத’. இங்கே ஓர் இலக்கணப் பழக்கம் இருக்கிறது. பெயருக்கு முன்னால் வருவதைவிட, ‘இஸ் வாய்ட்’, ‘பிகம்ஸ் வாய்ட்’, ‘டிக்ளேர்ட் வாய்ட்’, ‘ரெண்டர்ட் வாய்ட்’ என்று வினைக்குப் பின்னால் வருவதுதான் அதிகம். ‘வாய்ட் கான்ட்ராக்ட்’, ‘வாய்ட் மேரேஜ்’ போன்ற சட்டத் தொடர்கள், அப்புறம் ‘வாய்ட் செக்’, இவற்றில் முன்னால் வரும். சட்டப் பொருளில் எழுதும்போது ‘வெரி வாய்ட்’, ‘மோர் வாய்ட்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். செல்லாதது செல்லாததுதான், அதில் அளவு கிடையாது.

‘ஆஃப்’ சேர்ந்து ‘வாய்ட் ஆஃப் மீனிங்’ என்று வந்தால் ‘அற்ற’ என்று பொருள், அதாவது பொருளற்ற. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘டிவாய்ட் ஆஃப்’ என்பதுதான் புழக்கத்தில் அதிகம். நீங்கள் எழுதும்போது டிவாய்ட் ஆஃப் போடுங்கள், வாய்ட் ஆஃப் கண்ணில் பட்டால் புரிந்துகொண்டால் போதும்.

வினைச்சொல்லாக வந்தால் செல்லாததாக்கு, ரத்து செய், வெளியேற்று. வாய்டட், வாய்டிங் என்று வழக்கம்போலத் திரியும், விதிவிலக்கு எதுவும் கிடையாது.

படி 3: சட்டத்தில் வாய்ட், வாய்டபிள் – இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்

அதிகம் பேர் தடுமாறுகிற இடம் இதுதான், தடுமாறினால் நிஜமாகவே பாதிப்பு வருகிற இடமும் இதுதான்.

வாய்ட் என்றால் சட்டத்தின் கண்ணில் அந்த ஒப்பந்தத்துக்கு உயிரே இல்லை. ஒரு குற்றத்தைச் செய்வதற்காக இரண்டு பேர் எழுதிக்கொண்ட உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கையெழுத்து, எத்தனை சாட்சி இருந்தாலும் அது வாய்ட். இரு தரப்பும் ‘பரவாயில்லை, எங்களுக்குச் சம்மதம்’ என்று சொன்னாலும் அது செல்லுபடியாகாது. பிறந்தபோதே செத்துப் பிறந்தது என்பதை அழுத்திச் சொல்லத்தான் வக்கீல்கள் ‘வாய்ட் அப் இனிஷியோ’ என்கிறார்கள். அது லத்தீன், ‘தொடக்கத்திலிருந்தே’ என்று பொருள்.

வாய்டபிள், அதாவது செல்லாததாக்கக்கூடியது, வேறு. அந்த ஒப்பந்தத்துக்கு உயிர் இருக்கிறது, ஆனால் அதை முடித்து வைக்கும் உரிமை ஒரு தரப்பின் கையில் இருக்கிறது. மிரட்டியோ பொய் சொல்லியோ ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால், ஏமாந்தவர் நினைத்தால் அந்த ஒப்பந்தத்தை உதறலாம், நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஏமாற்றியவருக்கு அந்த உரிமை கிடையாது. ஏமாந்தவர் உதறும் வரைக்கும் ஒப்பந்தம் நடப்பில்தான் இருக்கும், விஷயம் தெரிந்த பிறகும் அவர் பேசாமல் பலனை அனுபவித்துக்கொண்டே இருந்தால், ஏற்றுக்கொண்டார் என்று ஆகி அந்த உரிமையையே இழக்கவும் கூடும். ஆகவே ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள், எனவே ஒப்பந்தம் தானாகவே வாய்ட்’ என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஆபத்து. அது வாய்டபிளாகத்தான் இருக்கும், நீங்கள் முன்வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ் வணிகவியல் பாடநூல்களில் வாய்டபிளை ‘தவிர்தகு’ என்று எழுதுவார்கள். அருமையான சொல் அது. ஏனென்றால் தவிர்ப்பதைக் குறிக்கும் ஆங்கில ‘அவாய்ட்’ வாய்டின் அதே பழைய பிரெஞ்சு மூலத்திலிருந்து வந்ததுதான், பழைய பொருள் காலி செய்வது, வெளியேற்றுவது. சட்ட ஆங்கிலத்தில் இன்றும் ‘டு அவாய்ட் எ கான்ட்ராக்ட்’ என்றால் அதைத் தவிர்த்துக்கொண்டு ஓடுவதல்ல, அதைச் செல்லாததாக்குவது. ஆங்கில ஒப்பந்தங்களில் இந்த வரியைப் படித்துவிட்டு ‘ஒப்பந்தம் போடாமல் தவிர்ப்பது’ என்று மொழிபெயர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

ஒரே செயல் ஒரு நாட்டில் வாய்ட், இன்னொரு நாட்டில் வாய்டபிள் என்பதும் உண்டு. வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் அது பொதுவாக வாய்டபிள், வயது வராதவர் விரும்பினால் விலகலாம். இந்தியச் சட்டத்திலோ 1903-ல் பிரிவி கவுன்சில் (அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) மோகரி பீபி வழக்கில் சொன்ன தீர்ப்பிலிருந்து அது முழுக்க வாய்ட். ஆகவே ஒரு நாட்டுப் புத்தகத்தில் படித்ததை இன்னொரு நாட்டு ஆவணத்தின் மேல் போட்டுப் பார்க்கக் கூடாது.

டெர்மினேட்டட் என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ‘இன்றோடு முடிந்தது’. இதுவரை நடந்தது நடந்ததுதான், அதன் கடன்களும் உரிமைகளும் நிற்கும். வாய்ட் என்றால் ஆரம்பத்திலிருந்தே இல்லை. திருமணத்தில் விவாகரத்துக்கும் அனல்மென்டுக்கும் உள்ள வேறுபாடு இதேதான்: விவாகரத்து இருந்த திருமணத்தை முடிக்கிறது, அனல்மென்ட் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கிறது.

‘நல் அண்ட் வாய்ட்’ பற்றிப் பலர் கேட்பதுண்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பொருளா என்று. இல்லை, இரண்டும் சேர்ந்து ஒரே பொருள்தான். ஆங்கிலச் சட்ட மொழிக்கு ஒத்த பொருளுள்ள சொற்களை ஜோடி போட்டு எழுதும் பழக்கம் உண்டு, ‘சீஸ் அண்ட் டெசிஸ்ட்’ மாதிரி. தமிழில் ‘செல்லாது’ என்ற ஒரே சொல் போதும். ‘வெறுமையும் செல்லாததும் ஆகும்’ என்று எழுதினால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

வாரன்டி ஸ்டிக்கர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். ‘வாரன்டி வாய்ட் இஃப் ரிமூவ்ட்’ என்றால், இதைப் பிய்த்தால் உத்தரவாதம் செல்லாது என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அவர் சொல்வதாலேயே அது சட்டப்படி சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டத்தைக் காட்டி, இந்த மாதிரி நிபந்தனைகள் தொடர்பாக 2018-ல் அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எனவே அந்த ஸ்டிக்கரைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

படி 4: பணம் – செக், கார்டு, பில்

வாய்ட் செக் எதற்கு? சம்பளத்தை நேரடியாகக் கணக்கில் போடுவதற்கோ, மாதத் தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்வதற்கோ உங்கள் வங்கிக் கணக்கு விவரம் தேவை, அதைப் பிழையில்லாமல் எடுத்துக்கொள்ளத்தான் செக் கேட்கிறார்கள். பணம் எடுக்கும் வலிமை போய்விட வேண்டும், எண்கள் மட்டும் நிற்க வேண்டும். செய்வது எளிது. காலியான ஒரு செக்கை எடுத்து, அழிக்க முடியாத மை பேனாவால் வி, ஓ, ஐ, டி என்ற நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் குறுக்கே பெரிதாக எழுதுங்கள். அடியில் அச்சிட்டிருக்கும் எண்கள் மேல் எழுத்து ஏறக் கூடாது, ஏறினால் கொடுத்த காரியமே கெட்டுவிடும். கையெழுத்துப் போடாதீர்கள். எந்த எண்ணுள்ள செக்கை இப்படிக் கொடுத்தீர்கள் என்று உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிட்ட செக்கை இப்படி வாய்ட் செய்ய முடியாது. அது உங்கள் கையில் இல்லையே. அதற்கு வங்கியிடம் போய் ‘ஸ்டாப் பேமென்ட்’ சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு.

கார்டில் வாய்டும் ரீஃபண்டும் வேறு. கார்டைத் தேய்த்ததும் பணம் உடனே கடைக்காரர் கணக்குக்குப் போய்விடுவதில்லை. முதலில் வங்கி அந்தத் தொகையை நிறுத்தி வைக்கும், பிறகு கடைக்காரர் அன்றைய பரிவர்த்தனைகளை மொத்தமாக அனுப்பும்போதுதான் அது செட்டில் ஆகும், அதாவது பணம் கைமாறும். செட்டில் ஆவதற்கு முன் நிறுத்தினால் வாய்ட். அப்போது உங்கள் ஸ்டேட்மென்டில் ‘பெண்டிங்’ என்று தெரிந்த வரி கொஞ்ச நாளில் தானாக மறைந்துவிடும், வரவு என்று எதுவும் வராது. செட்டில் ஆன பிறகு திருப்பினால் ரீஃபண்ட். அப்போது பற்று ஒரு வரி, வரவு ஒரு வரி என்று இரண்டுமே தெரியும். ‘வாய்ட் செய்துவிட்டோம்’ என்று கடையில் சொன்ன பிறகும் பணம் திரும்ப வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் வரவு வரியைத் தேடுகிறார்கள். அது வராது. பெண்டிங் வரி போனதா என்று பாருங்கள்.

கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தவறாகப் போட்ட பில்லை டெலிட் செய்யாதீர்கள், வாய்ட் செய்யுங்கள். டெலிட் செய்தால் அந்த எண்ணே காணாமல் போய் வரிசையில் ஓட்டை விழும், தணிக்கைக்கு வருபவர் 104-க்குப் பிறகு 106 வருகிறதே, 105 எங்கே என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் தடயம் எதுவும் இருக்காது. வாய்ட் செய்தால் 105 இருக்கும், தொகை பூஜ்யமாக இருக்கும், என்ன நடந்தது என்பதும் தெரியும். முதல் படியில் சொன்ன கூடும் உள்ளீடும் இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

படி 5: மருத்துவத்தில்

வாய்ட் என்றால் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது. மருத்துவமனை ஆங்கிலத்தில் இது கூச்சமில்லாத, நாகரிகமான சொல். ‘ப்ளீஸ் வாய்ட் பிஃபோர் த ப்ரொசீஜர்’ என்றால் பரிசோதனைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். ரிப்போர்ட்டில் ‘ப்ரீ வாய்ட்’ என்றால் கழிப்பதற்கு முன் பையில் இருந்த அளவு, ‘போஸ்ட் வாய்ட் ரெசிடுவல்’ என்றால் கழித்த பிறகும் மிச்சம் நிற்கும் அளவு, மில்லிலிட்டரில் இருக்கும். அந்த எண்ணை வைத்து நீங்களே முடிவுக்கு வர வேண்டாம். வயது, பை எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதையெல்லாம் சேர்த்து மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ‘வாய்டிங் டைரி’ எழுதி வரச் சொன்னால் அது வேறொன்றுமில்லை, எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்ற குறிப்பு.

சாதாரணப் பேச்சில் ஆங்கிலேயர்கூட இதைச் சொல்ல மாட்டார்கள். ‘எக்ஸ்கியூஸ் மீ, ஐ நீட் டு வாய்ட்’ என்று விருந்தில் சொல்லாதீர்கள்.

படி 6: நிரல் எழுதுபவர்களுக்கு

சி மொழியில் வாய்ட் மூன்று வேலை பார்க்கிறது. ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் வந்தால் ‘இது எந்த மதிப்பையும் திருப்பித் தராது’. அடைப்புக்குறிக்குள் வந்தால் ‘இது எந்த உள்ளீட்டையும் வாங்காது’. பழைய சி-யில் அடைப்புக்குறியைக் காலியாக விட்டால் ‘உள்ளீடு என்னவென்று சொல்லவில்லை’ என்றுதான் பொருள், ‘இல்லை’ என்று அல்ல, அதனால்தான் வாய்ட் என்று எழுதும் பழக்கம் வந்தது. சி மொழியின் சி23 என்ற புதிய தரத்தில்தான் இரண்டும் ஒன்றாயின.

மூன்றாவது வாய்ட் பாயின்டர். பாயின்டர் என்றால் கணினி நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது. புதிதாகப் படிப்பவர்கள் இது ‘எதையும் சுட்டாதது’ என்று நினைத்துவிடுவார்கள். அது நல் பாயின்டர். வாய்ட் பாயின்டர் நிஜமான ஒரு முகவரியைச் சுட்டும், அங்கே இருப்பது என்ன வகை என்ற தகவல்தான் அதனிடம் இல்லை. காலியானது வகை, முகவரி அல்ல. நினைவகம் கேட்டு வாங்கும் மேலாக் என்ற ஃபங்ஷன் இதைத்தான் திருப்பித் தருகிறது, எந்த வகைத் தரவுக்காக நினைவகம் கேட்டீர்கள் என்று அதற்குத் தெரியாதே. சட்டத்தில் நல்லும் வாய்டும் இரட்டைப் பிள்ளைகள், நிரலில் அவை இரண்டு வேறு ஆட்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் ‘வாய்ட் எலிமென்ட்’ என்றால் உள்ளே எதையும் வைக்க முடியாத, முடிவுக் குறி தேவைப்படாத உறுப்பு: பிஆர், ஐஎம்ஜி, இன்புட் போன்றவை.

மற்ற துறைகள், சுருக்கமாக

வானியலில் வாய்ட் என்றால் விண்மீன் மண்டலங்கள் மிக அரிதாக இருக்கும் பிரமாண்டமான வெளி. 1981-ல் கண்டறிந்த பூவோடிஸ் வாய்ட் சுமார் 33 கோடி ஒளியாண்டு அகலம் கொண்டது. அதற்குள்ளும் சில மண்டலங்கள் உண்டு, ஆகவே ‘ஒன்றுமே இல்லாத இடம்’ என்று எழுதினால் தவறு. மண் பொறியியலில் வாய்ட் என்பது மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி. ‘வாய்ட் ரேஷியோ’ அந்த இடைவெளியின் கன அளவைத் துகள்களின் கன அளவால் வகுப்பது, மொத்தக் கன அளவால் வகுத்தால் அது போராசிட்டி, அதாவது துளைமை. முதலாவது ஒன்றைத் தாண்டலாம், இரண்டாவது தாண்டாது. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஒரு வகைச் சீட்டு கையில் ஒன்றுகூட இல்லாவிட்டால் அந்த வகையில் வாய்ட்.

படி 7: அக்கம்பக்கத்துச் சொற்களைப் பிரித்து வையுங்கள்

கேன்சல் என்பது இனி நடக்க வேண்டியதை நிறுத்துவது: பயணம், ஆர்டர், சந்திப்பு. ‘ஐ வாய்டட் மை ட்ரிப்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். இன்வேலிட் என்பது விதிப்படி ஏற்க முடியாதது: தவறான பாஸ்வேர்டு, காலாவதியான அடையாள அட்டை, ஓட்டை விழுந்த வாதம். ‘வாய்ட் பாஸ்வேர்டு’ கிடையாது. ரிவோக் என்பது கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்வது, உரிமம் அனுமதி போன்றவற்றுக்கு. நலிஃபை என்பது விளைவைப் பூஜ்யமாக்குவது, சட்டத்துக்கு வெளியேயும் தாராளமாக வரும்.

இதில் எது என்று சந்தேகம் வந்தால் பொருளைப் பாருங்கள். ஒப்பந்தம், செக், பில், டிக்கெட், வாரன்டி, பரிவர்த்தனை என்று மதிப்பைத் தனக்குள் சுமந்து நிற்கும் ஆவணமாக இருந்தால் வாய்ட் பொருந்தும். திட்டம், நிகழ்ச்சி என்றால் கேன்சலுக்குப் போய்விடுங்கள்.

உச்சரிப்பு

தமிழ் எழுத்தில் வாய்ட் என்று எழுதும்போது ஒலி கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. முதல் ஒலி ‘வி’ வகை, கீழ் உதடு மேல் பல்லைத் தொட வேண்டும். உதட்டைக் குவித்தால் வேறு சொல்லாகிவிடும். நடுவில் பாய், ஜாய் என்ற ஆங்கிலச் சொற்களில் வரும் அதே ஒலி. ‘ஐ’ மாதிரி இழுத்தால் அகலத்தைக் குறிக்கும் வைட் ஆகிவிடும். கடைசியில் மென்மையான ‘டி’ ஒலி, வல்லின ‘ட்’ அல்ல. வல்லினமாக முடித்து முதல் ஒலியையும் குவித்தால் கேட்பவருக்கு வெள்ளை நிறம்தான் காதில் விழும், ‘வாய்ட் செக்’ என்று நீங்கள் சொல்ல அவர் வெள்ளைத் தாளைத் தேடுவார். வாய்டபிள், வாய்டிங், வாய்டட் எல்லாவற்றிலும் அழுத்தம் முதல் அசையில், அவாய்ட், டிவாய்ட் இரண்டிலும் மட்டும் இரண்டாவது அசையில்.